படலையைத் திறந்து போவோம்



எருசலேமில் ஆட்டு வாயிலுக்கு அருகே, ஐந்து மண்டபங்கள் கொண்ட பெத்சதா குளத்தோரத்தில், 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவர் படுத்திருந்ததை அருளப்பர் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் கூறுகிறது. குணமாக விரும்புகிறாயா என்று ஆண்டவர் வினவினார். அம்மனிதர் ஆம் என்று சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும்போது தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஓராளும் இல்லையே என்றுதான் முறையிட்டார். நோயைவிட ஆளில்லாக் குறையே அவர் நெஞ்சை அழுத்தியது. அவரைச் சுற்றி நோயாளர் கூட்டமே கிடந்தது. கூட்டத்தின் நடுவிலும் மனிதன் தனித்திருக்கலாம்.

அந்த முறையீடு இன்றும் ஓயவில்லை. உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையுணர்வால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆண்டுதோறும் 8 இலட்சத்து 71 ஆயிரம் மரணங்களுக்கு அதனோடு தொடர்புண்டு என்றும் அது கணக்கிடுகிறது.

நம் ஊர்களைப் பாருங்கள். 1983க்குப் பின் எத்தனையோ பிள்ளைகள் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போய்விட்டார்கள். பணம் வருகிறது, கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளையின் முகமும் தெரிகிறது. இவை நல்லவையே. ஆயினும் பேச்சு முடிந்தபின் தாய் தனியாகவே இராச் சாப்பாட்டுக்கு உட்காருகிறாள். ஞாயிறு பூசையில் நம் பக்கத்து வாங்கில் இருப்பவள் அவளே. சமாதானம் சொல்லிக் கைகூப்புகிறோம். இரண்டு கிழமை அவள் வராதபோது கவனித்தோமா?

1833இல் பாரிசில், 20 வயது மாணவரான பிரெடெரிக் ஒசானம் தம் தோழர்களோடு தொடங்கிய பணியே புனித வின்சென்ட் டி போல் சபையாக வளர்ந்தது. ஏழைகளை வீடுதேடிச் சென்று காண்பதை அவர்கள் தலையாய கடமையாகக் கொண்டார்கள். உதவியைக் கொடுத்தனுப்புவது எளிது. ஆனால், கொடுத்தனுப்பிய பொருள் பக்கத்தில் இருந்து கதைக்காது.

ஆகவே, இந்தக் கிழமை ஒரு வீட்டின் படலையைத் திறவுங்கள். ஆண்டவரைப்போல் முதலில் வினவுங்கள். மறுமொழியை அவசரப்படாமல் கேளுங்கள். அவர்கள் தரும் தேநீரை வேண்டாமென்று தள்ளாதீர்கள். பிறருக்குக் கொடுக்கத் தம்மிடமும் ஏதோ உண்டு என்று உணர்வதும் மருந்தே.

தனிமையில் வாடும் சகோதரரே, சகோதரியே, குளத்தோரத்து மனிதரைப்போல நீங்களும் உங்கள் குறையை வாய்திறந்து சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை.

பார்க்கப் போகிறவர்களே, திரும்பும்போது மறுபடி வரும் நாளைச் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன நாளில் தவறாமல் போங்கள்.