ரசிகனின் துக்கம்

ஒருவரோடு ஒரு வார்த்தையும் பேசியறியாதவன் அவருடைய மரணத்துக்காகத் துக்கப்படுவது நியாயமா என்னும் கேள்வி, வயலின் வித்வான் பாலபாஸ்கர் கார் விபத்தில் காயமுற்றுத் தம் 40ஆம் வயதில் காலமான 2018 அக்டோபர் 2ஆம் தேதி என் மனத்தில் எழுந்தது. இன்றும் அது அடங்கியபாடில்லை. நாகர்கோவில் பஸ்களும் சென்னை ரயில்களும் ஓயாமல் வந்து போகும் தம்பானூர்ச் சந்தடியில் குடியிருக்கும் தமிழனாகிய எனக்கும், இதே திருவனந்தபுரத்தில் பிறந்த அந்த மலையாளக் கலைஞருக்கும், அவருடைய வாசிப்பைத் தவிர வேறு பந்தம் ஏதும் இல்லை. ஆயினும், மறுநாள் அருகிலுள்ள தைக்காட்டுச் சாந்திகவாட மயானத்தில் அரசு மரியாதையுடன் அவரைத் தகனம் செய்தபோது, எங்கள் வீட்டிலேயே ஒரு சாவு விழுந்ததுபோல் மனம் கலங்கிற்று.

பாலபாஸ்கர் சம்பிரதாயத்தை உதறிவிட்டு வந்தவர் அல்லர். கர்நாடக வயலினில் தேர்ந்த தம் மாமா பி. சசிகுமாரிடம் பால்யத்திலேயே சிட்சை பெற்றவர். யூனிவர்சிட்டி கல்லூரியில் சம்ஸ்கிருதம் பயின்றவர். மாணவப் பருவத்திலேயே ‘கன்ஃப்யூஷன்’ என்ற இசைக்குழுவை அமைத்து, மின் வயலினை ஏந்தி இளைஞர் கூட்டத்தின் நடுவே நின்றவர். நின்றவர் என்பதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். நம் வித்வான்கள் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தின் மேல் ஊன்றி, மறுமுனையை மார்போடு அணைத்துக்கொள்வதால், வாத்தியத்தைத் தாங்கும் பாரம் இடது கைக்கு இல்லாமற்போய், விரல்கள் தந்தியின்மேல் தடையின்றி வழுக்கி ஏறி இறங்குகின்றன. நம் கமகம் பிறப்பது அந்த வழுக்கலில்தான். எழுந்து நின்று தோளில் ஏந்தினால் அந்த ஊன்றுகோல் போய்விடுகிறது. அப்படி இருந்தும், டிரம்ஸும் கிதாரும் முழங்கும் மேடையில், சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்து செல்லும் அந்தக் குழைவை அவர் விடவில்லை என்பதே அவரிடம் எனக்குப் பெரிய விசேஷமாகத் தோன்றியது.

அமெரிக்காவின் ப்ளூஸ் ராக் கிதார்க் கலைஞர் ஸ்டீவி ரே வானைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். மெட்டுகள் பதித்த வாத்தியத்தில் இடைமுறியாமல் வழுக்கிச் செல்வது கடினம். ஆகவே அவர் தந்தியை விரலால் பக்கவாட்டில் இழுத்து வளைத்து, ஒரு சுரத்தை அடுத்த சுரத்தை நோக்கித் தள்ளினார். அழுகையின் விம்மல் அவ்விடத்தில்தான் கேட்கிறது. அவரும் 1990 ஆகஸ்டில், கச்சேரி முடிந்த கையோடு, ஹெலிகாப்டர் விபத்தில் 35 வயதில் மாண்டுபோனார். வெவ்வேறு கண்டங்களில் பிறந்து, வெவ்வேறு வாத்தியங்களைக் கைக்கொண்ட இருவரும், மனிதக் குரலின் தழுதழுப்பைத் தந்தியில் தேடிய வகையில் ஒரே குலத்தவர் என்பது என் அபிப்பிராயம்.

நாம் வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஒன்றை நமக்காக ஒருவர் வாசித்துவிடுகிறார். வாசிப்பவருக்கு நம்மைத் தெரியாது; தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கடன் பட்டவன் நான்; கொடுத்தவரோ கொடுத்ததையே அறியாமல் போய்விட்டார். ஆகவே ரசிகனின் துக்கம் உரிமை கொண்டாடும் துக்கம் அன்று. நன்றி செலுத்த வழியில்லாமற்போன துக்கம்.

பள்ளிப்புறத்தில் பாலபாஸ்கருடைய கார் மரத்தில் மோதிய அந்த விடியற்காலையைப் பற்றி எத்தனையோ வதந்திகள் எழுந்தன. மத்தியப் புலனாய்வுத் துறை வரையில் வழக்கு போயிற்று. உண்மையை அறிய அவருடைய குடும்பத்தாருக்குப் பூரண உரிமை உண்டு. ஆனால், பாலபாஸ்கர் என்றதும் அந்த விபத்தையே பேசித் தீர்க்கும் அன்பர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: இளம் வயதிலேயே ‘மங்கல்யப் பல்லக்கு’ படத்துக்கு இசையமைக்கத் துணிந்த அந்த மனிதர் மேடையில் நின்று வாசித்ததை, பதிவுகளில் கிடைக்கும் வரையில், இன்றிரவே உட்கார்ந்து முழுவதும் கேளுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.