வைக்கோலும் கொப்பியும்

மனிதனை உழைக்கத் தூண்டுவது யாது? கூலி என்பர் ஒரு சாரார். அச்சம் என்பர் பிறிதொரு சாரார். இவை உடலை வேலைக்கு அழைத்துவரும். உள்ளத்தை அழைத்து வாரா.

பாசிக்குடாவுக்கு அண்மையிலுள்ள வாழைச்சேனைக் கடதாசி ஆலையை ஈண்டு நோக்குவோம். 1948இல் கைத்தொழில் அமைச்சரான ஜீ. ஜீ. பொன்னம்பலம் வித்திட்ட அவ்வாலை 1950களில் எழுந்தது. அறுவடைக்குப்பின் வயலில் எஞ்சும் வைக்கோல் அதன் மூலப்பொருள்களுள் ஒன்றாயிருந்தது. அதனைக் கூழாக்கும் தொழிலாளி வைக்கோலை மட்டுமே கண்டால், அவனுக்கு எஞ்சுவது வெக்கையும் களைப்புமே. அதிலே தன் மகளின் பள்ளிக் கொப்பியைக் கண்டானாயின், அதே வேலை பொருளுடையதாகிறது. எதிர்காலக் காட்சியின் வலிமை இதுவே.

ஆயின், உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் அவ்வாலை நலிந்தது. காட்சி மட்டும் சோறிடாது. எனவே, கனவைக் காட்டி உழைப்பைப் பெறுவோர் ஒரு கடன் பூணுகின்றனர்: அக்கனவில் உழைப்பவனுக்கும் பங்கு வேண்டும், அது தளரும்போது உண்மையை அவனுக்கு மறையாது உரைத்தல் வேண்டும். இன்றேல், இலட்சியம் என்பது கூலியைக் குறைக்கும் சூழ்ச்சியாகிவிடும்.

2009இல் போர் முடிந்தபின் பாசிக்குடாவில் உயர்ந்த விடுதிகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். உழைப்பவன் தன்னைக் காணாத எதிர்காலம், எத்துணை ஒளியுடையதாயினும், பிறன் கனவே.