கூலிக்கு அழும் முகம்

இன்டர்ன்ஷிப்பின் இரண்டாவது மாதத்தில் எனக்குக் கிடைத்த வேலை, ஒரு முகத்தைச் சோகமாக்குவது. சென்னையில் ஒரு பல்கலைக்கழக லேப். முதியோருக்குப் பேச்சுத்துணையாக ஒரு ரோபோ செய்துகொண்டிருந்தார்கள். புருவத்தின் உள்முனை மேலே ஏற வேண்டும், இமை பாதி இறங்க வேண்டும், தலை கொஞ்சம் சாய வேண்டும், எல்லா மோட்டாரும் பாதி வேகத்தில் ஓட வேண்டும். எதிரில் இருப்பவர் எழுந்தால் கேமரா அதைக் கண்டுகொண்டு இந்த முகத்தைக் காட்டும். அவ்வளவுதான் கோடு.

சோதனைக்கு வந்த ஒரு பாட்டி, பேரனை ஸ்கூலில் கூப்பிட மூன்றரைக்குப் போகணும் என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். ரோபோவின் தலை சாய்ந்தது. "அடடா, சரி சரி, போகல" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் கைதட்டினோம். நானும்தான். அவர் கிளம்பும்போது மணி நாலு.

ராத்திரி ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லை. அப்பத்தா ஞாபகமாகவே இருந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பத்தா பகலில் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலைக்குப் போவாள். சுத்துப்பட்டு ஊர்களில் சாவு விழுந்தால் ஒப்பாரி பாடக் கூப்பிடுவார்கள். கொஞ்சம் காசு, சில வீடுகளில் ஒரு சேலை. 'கூலிக்கு மாரடிக்கிறது' என்று ஏளனமாகச் சொல்கிறோமே, அந்த வேலையேதான். காலேஜில் யாராவது அந்தச் சொலவடையைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். இப்போது நானே உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஒரு இயந்திரத்துக்கு முகம் வாடச் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டும் ஒன்றா?

உணர்ச்சி காட்டும் ரோபோ என்றாலே முதலில் கிஸ்மெட்டைச் சொல்வார்கள். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்ஐடியில் சிந்தியா பிரேசீல் உருவாக்கியது. வெறும் தலைதான், உடம்பு கிடையாது. பெரிய கண்கள், சிவப்பு உதடு, அசையும் காதுகள். ரொம்பக் கிட்டே போனால் பின்வாங்கும். கவனிக்க ஆள் இல்லாவிட்டால் முகம் வாடும். எதிரில் இருந்தவர்கள் அதனிடம் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். அந்த முகபாவங்களை வைத்ததே மனிதரின் நடத்தையைத் திருத்தத்தான். கிட்டே வா, தள்ளிப் போ, மெதுவாக ஆட்டு. ஒரு முகம் தன் நிலைமையைச் சொல்லும்போதே நம்மிடம் ஏதோ ஒன்றைக் கேட்கவும் செய்கிறது.

இதைப் படித்தபோதுதான் என் கேள்வியே தப்பு என்று பட்டது. "ரோபோவுக்கு நிஜமாகவே உணர்ச்சி இருக்கிறதா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். எங்கள் ரோபோவுக்கு இல்லை என்பது, அதன் புருவத்தைத் திருகாணி போட்டு மாட்டிய எனக்குத் தெரியாதா? உள்ளே இல்லாததை முகத்தில் காட்டுவதே பாவம் என்றால், கூத்துக் கட்டுகிறவர் எல்லோரும் பாவிகள்.

லீவுக்கு ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடமே கேட்டேன். "யாருன்னே தெரியாத ஆளுக்கு எப்படி அழுகை வரும்?"

"செத்தவனுக்கா அழுகுறேன்? அந்த வீட்டுக்காரி கல்லு கணக்கா உக்காந்திருப்பாத்தா. அழுகாட்டி நெஞ்சு வெடிச்சிரும். நான் எடுத்துக் குடுப்பேன், அவ பிடிச்சுக்குவா. அவ அழுக ஆரம்பிச்சா நான் கொரலத் தணிச்சுக்குவேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்க தாத்தன் போனது, மூத்தவன் போனது எல்லாத்தையும் அந்த எடத்துலதான் நானும் அழுது தீக்குறது" என்றாள்.

தொல்காப்பியம் இதை மெய்ப்பாடு என்கிறது. மெய்யில், அதாவது உடம்பில், தோன்றுவது. எட்டு மெய்ப்பாடுகளில் அழுகைக்கு நான்கு காரணங்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழிவுபடுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. நான்குமே இழப்பதற்கு ஏதாவது இருப்பவருக்குத்தான் நேரும். கூலிக்கு அழுதாலும் அப்பத்தாவிடம் இந்த நான்கும் இருந்தன. அவள் கூலி வாங்குவது எழவு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் அழுகை அந்த வீட்டுக்காரியை விடுவித்தது. எங்கள் ரோபோவின் வாட்டம் அந்தப் பாட்டியைக் கட்டிப்போட்டது.

கைக்குழந்தையும்தான் அழுது நம்மைக் கட்டிப்போடுகிறது என்று கேட்கலாம். அதற்குப் பசி இருக்கிறது. ரோபோவின் முகத்துக்குப் பின்னாலும் ஒரு தேவை இருந்தது. அது எங்களுடைய தேவை. ரிப்போர்ட்டில் 'சராசரி உரையாடல் நேரம்' என்று ஒரு கட்டம் இருந்தது.

அதற்காக இந்த ரோபோக்களே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜப்பானில் தகனோரி ஷிபாட்டா உருவாக்கிய பாரோ, ஒரு சீல் குட்டி வடிவத்தில் இருக்கும். முதியோர் இல்லங்களில், மறதி நோய் உள்ளவர்களின் மடியில் அதைக் கொடுத்து அவர்களை அமைதிப்படுத்துகிறார்கள். எங்கள் பள்ளத்தாக்கிலும் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்ட வீடுகளில் டிவியோடு பேசிக்கொண்டிருக்கும் கிழவிகள் உண்டு. கிடைக்கிற ஆறுதல் நிஜமென்றால், கொடுப்பது எதுவாக இருந்தால் என்ன? எனக்கு ஒரு நிபந்தனைதான் தோன்றுகிறது: வருகிறவரைப் பார்த்து அது மலரட்டும், போகிறவரைப் பார்த்து வாடக் கூடாது.

லேபுக்குத் திரும்பியதும் சீனியர் அண்ணனிடம் சொன்னேன். "நேரம் குறையும், பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டார். ஆள் எழுந்தால் தலையைத் தாழ்த்தி ஒரு தடவை கண் சிமிட்டும்படி மாற்றினேன். நேரம் குறையத்தான் செய்தது. பழைய கோடு லேப் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. அடுத்து வருகிறவர் ஒரே வரியில் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

அந்த லீவு முடிந்து கிளம்பிய அன்று அப்பத்தா சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். எத்தனையோ வீட்டு வாசலில் கேட்ட மாத்திரத்தில் அழத் தெரிந்தவள். ஜன்னலுக்குக் கீழே நின்று, "பைய மடியில வச்சுக்கத்தா" என்றாள். பஸ் நகர்கிறவரைக்கும் அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.