பெட்டியும் அடிமரமும்

ஆங்கில மொழியில் 'டிரங்க்' என்றொரு சொல் உண்டு. மரத்தின் அடிப்பகுதிக்கு அதுவே பெயர். தலையும் கைகால்களும் நீங்கலாக எஞ்சும் மனித உடலின் நடுப்பகுதிக்கும் அதுவே பெயர். அமெரிக்கர் பேச்சில், நாம் 'டிக்கி' என்று சொல்லும் மோட்டார் வண்டியின் பின்னறைக்கும் அதுவே பெயர். வெட்டுண்டது, குறையுண்டது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இது பிறந்தது. கிளை கழிந்த மரத்தைக் குறித்த சொல், பின்னர் மரத்தாற் செய்த பெட்டியைக் குறித்தது. அப்பெட்டியைப் பழைய மோட்டார் வண்டிகளின் பின்புறம் வார்போட்டுக் கட்டிச் சென்றமையால் வண்டியின் பின்னறைக்கும் வந்து சேர்ந்தது. நம் பாட்டிமார் திருமணச் சேலையை வைத்துப் பூட்டிய டிரங்குப் பெட்டி இரும்புத் தகட்டால் ஆனது. ஆயினும் மரத்தின் பெயர் அதை விட்டபாடில்லை.

நம் தமிழும் இவ்வகையில் பின்தங்கியதன்று. 'அரை' என்பது இடுப்பையும் குறிக்கும், மரத்தின் அடியையும் குறிக்கும். பருத்த அடிமரத்தைச் சங்கப் புலவர் 'பராரை' என்றனர். தலையற்ற உடலுக்கு 'முண்டம்' என்று பெயர். அறிவற்றவன் என்று ஒருவனை ஏசவும் அச்சொல்லையே கையாளுகிறோம். உடலுக்கும் உண்மைக்கும் 'மெய்' என்னும் ஒரே சொல்லை வழங்கிய மொழியில், தலையில்லாத உடலுக்கு மட்டும் இத்தனை இளக்காரம் ஏனோ!

இச்சொல்லாராய்ச்சியில் நாம் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. மரமும் பெட்டியும் ஒரே பெயரைத் தாங்கி நிற்கும்போது, இடையில் நிற்கும் மனித உடல் இவ்விரண்டில் எதற்கு உறவு என்னும் கேள்வி எழுகிறது. நம் உடல் பெட்டியா, அடிமரமா?

பெட்டி என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆன்மா உள்ளே குடியிருக்கிறது, உடல் வெறும் கூடு என்று இறப்பு வீட்டில் ஆறுதல் கூறுகிறோம். பக்தியுள்ள பேச்சாகவே அது ஒலிக்கிறது. இதற்கு நேர் எதிரான முகாமில், மனிதன் ஓர் எந்திரமேயன்றி வேறில்லை என்று 1747-இல் நூலெழுதிய பிரெஞ்சு மருத்துவர் லா மெத்ரி போன்றோர் நிற்கின்றனர். வண்டியைப் போல உடலையும் பழுது பார்க்கலாம், உறுப்பை மாற்றலாம், ஓடாதபோது ஓரங்கட்டலாம் என்னும் இன்றைய மனப்போக்கு அவர்களுடைய வழித்தோன்றலே. ஒருவர் பக்தர், மற்றவர் நாத்திகர். எனினும் 'உடல் என்பது நானல்லாத ஒரு பொருள்' என்பதில் இருவரும் கைகோத்துக்கொள்வது வியப்பன்றோ? (இப்பிரிவினைக்கெல்லாம் தேக்கார்த்தின் தலையிலேயே பழியைப் போடுவது வழக்கம். ஆனால், கப்பலில் மாலுமி இருப்பதுபோல நான் என் உடலில் இருக்கவில்லை என்று 1641-ஆம் ஆண்டுத் தியானங்களில் அவரே ஒப்புக்கொள்கிறார்.)

திருச்சபையின் போதனை இவ்விரு முகாம்களிலும் சேராதது. ஆன்மா தன்னிலேயே உடலின் உருவாய் அமைந்தது என 1312-இல் வியன் பொதுச்சங்கம் அறுதியிட்டுக் கூறிற்று. புனித தோமா அக்குவினா இன்னும் ஒருபடி மேலே சென்று, ஆன்மா மட்டும் மீட்கப்பட்டால் மனிதன் மீட்கப்பட்டவனாக மாட்டான், ஏனெனில் ஆன்மா மட்டுமே 'நான்' ஆகாது என்னும் கருத்தைத் தம் கொரிந்தியர் திருமுக விளக்கவுரையில் எழுதினார். நம்பிக்கை அறிக்கையில் உடலின் உயிர்ப்பை ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நாம், வீட்டுக்கு வந்ததும் கூட்டைப் பற்றிப் பேசுவது எவ்வளவு பெரிய மறதி!

இதை வெறும் தத்துவச் சண்டை என்று ஒதுக்குவோர், 1978-ஆம் ஆண்டு உரோமை நகரில் நிகழ்ந்ததை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு மார்ச் 16-ஆம் நாள், இத்தாலியின் முன்னாள் பிரதமரும் கிறிஸ்தவ சனநாயகக் கட்சித் தலைவருமான ஆல்தோ மோரோ, 'செம்படையணி' என்னும் தீவிரவாதக் குழுவினரால் கடத்தப்பட்டார். அவருடைய காவலர் ஐவரும் கொல்லப்பட்டனர். கடத்தியவர்கள் பின்னர் அளித்த வாக்குமூலங்களின்படி, அவரை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்தே மறைவிடத்திற்குக் கொண்டு சென்றனர். 55 நாள்கள் கடந்தன. மே 9-ஆம் நாள் ஒரு சிவப்பு ரெனோ வண்டியின் பின்னறையில் அவரைப் படுக்கவைத்துப் போர்வையால் மூடி, மார்பில் சுட்டனர். கிறிஸ்தவ சனநாயகக் கட்சி, பொதுவுடைமைக் கட்சி ஆகிய இரண்டின் தலைமையகங்களுக்கும் அருகிலுள்ள ஒரு தெருவில் அவ்வண்டி நிறுத்தப்பட்டிருந்தது.

மரப்பெட்டி, வண்டியின் பின்னறை, குண்டு துளைத்த மார்பு. அந்த ஆங்கிலச் சொல்லின் மூன்று பொருள்களும் ஒரே மனிதரைச் சூழ்ந்துகொண்டன. கொன்றவர்கள் மூடர்கள் அல்லர். மனித விடுதலை என்னும் பெரிய கருத்து அவர்கள் தலைக்குள் இருந்தது. தலைக்குள் கருத்து பெரிதாகப் பெரிதாக, எதிரே கிடந்த உடல் சரக்காகச் சுருங்கிற்று. அவர்களுடைய செயலைக் கண்டு நடுங்கும் நாமும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். உடல் வெறும் பெட்டி என்றால், அவர்கள் உடைத்தது ஒரு பெட்டியைத்தானே? மோரோவுக்கு என்ன தீங்கு செய்தார்கள் என்று சொல்வோம்?

சரக்காக்கும் பழக்கம் அவர்களோடு ஒழிந்துவிடவில்லை. 2015 ஆகஸ்டில் ஆஸ்திரிய நெடுஞ்சாலை ஓரத்தில் கைவிடப்பட்டிருந்த ஒரு குளிர்பதன லாரிக்குள் 71 பேர் மூச்சுத்திணறி இறந்து கிடந்தனர். அவர்களுள் நால்வர் குழந்தைகள். கூலி வாங்கிக்கொண்டு ஏற்றியவர்களுக்கு அவர்கள் எண்ணிக்கை மட்டுமே. அவ்வளவு தொலைவு போவானேன்? நம் சென்னையின் வில்லிவாக்கத்திற்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தோமே! கடன் தீர்க்கச் சிறுநீரகத்தை விற்ற ஏழைகள் வாழ்ந்த இடம் அது. உறுப்பு வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1994-இல் வந்தது.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். உடல் நானே என்றால், உறுப்பை எப்படிக் கொடுக்கலாம்? பெட்டிக்குள் இருக்கும் பொருளாயிருந்தால்தானே எடுத்துக் கொடுக்க முடியும்? புனித இரண்டாம் யோவான் பவுல் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உறுப்பு மாற்று மருத்துவர்களிடையே பேசியபோது இதற்கு விடை தந்தார்: கொடுப்பவர் தம் உடைமைகளுள் ஒன்றைக் கொடுக்கவில்லை, தம்மிலேயே ஒரு பகுதியைக் கொடுக்கிறார் என்பதே அவர் கருத்து. அதனால்தான் அது கொடையாகலாம், விலையாகக் கூடாது. பெட்டிக்கு இது பொருந்தாது, மரத்திற்குப் பொருந்துகிறது. கிளையை ஒடித்து நட்டால் அங்கும் வளர்வது அம்மரத்தின் உயிரே.

மரத்தின் உள்ளமைப்பும் இதையே காட்டுகிறது. பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய ஏடொன்றில்தான் அதன் வளர்ச்சி நிகழ்கிறது. வைரம் பாய்ந்த நடுப்பகுதி உயிரற்ற உயிரணுக்களால் ஆனது. (பனையின் கதை வேறு; அதில் இவ்வேடும் இல்லை, ஆண்டு வளையமும் இல்லை.) நடுவே பொந்து விழுந்த முதுமரம் தழைத்து நிற்பதையும், பட்டையைச் சுற்றிலும் உரித்தெடுத்த இளமரம் பட்டுப்போவதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆயினும் உயிருள்ள ஏடுதான் மரம், வைரம் அதன் பெட்டி என்று எவரும் பிரித்துச் சொல்வதில்லை. நின்று தாங்கும் வைரமும் அம்மரம் வாழ்ந்த ஆண்டுகளே.

ஆனால் உவமையை இதற்குமேல் இழுக்க யோபு விடமாட்டார். வெட்டிய மரம் நீரின் வாடை பட்டால் மீண்டும் துளிர்க்கிறது, மாண்ட மனிதனுக்கோ அந்த நம்பிக்கையும் இல்லையே என்று பதினான்காம் அதிகாரத்தில் அவர் முறையிடுகிறார். அம்முறையீட்டை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். எசாயாவோ, வெட்டுண்டு கிடக்கும் ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு தளிர் வரும் என்கிறார். யோபுவின் கேள்விக்கு விடை, விலாவில் ஈட்டி பாய்ந்த ஓர் உடலில் கிடைத்தது. உயிர்த்தபின் தோமாவுக்கு ஆண்டவர் காட்டியதும் அந்த விலாவையே.

மருத்துவமனையில் ஒருவர் கண்மூடிய மறுகணமே, அப்பா, அக்கா என்று அழைத்த நாமே, 'பாடி எப்போது வரும்?' என்று கேட்கத் தொடங்குகிறோம். பெயர் போய்விடுகிறது, வண்டியும் பெட்டியும் நேரமுமே பேச்சாகின்றன. கோவிலுக்குள் வந்தபின்தான் குருவானவர் அவரை மீண்டும் பெயர் சொல்லி அழைக்கிறார், திருமுழுக்கின் நினைவாகத் தீர்த்தம் தெளிக்கிறார், தூய ஆவியாரின் கோவிலாக இருந்ததற்காகத் தூபம் காட்டுகிறார். 1963 முதல் தகனம் செய்வதற்கு இசைவளித்த திருச்சபை, சாம்பலைக் காற்றிலும் நீரிலும் தூவுவதற்கு 2016-ஆம் ஆண்டு அறிவுறுத்தலிலும் இசையவில்லை. சிலர் இதைப் பிடிவாதம் என்கின்றனர். நமக்கு அப்படித் தோன்றவில்லை.

நம் மூத்தோர் ஆறாம் சின்னப்பர் என்று அழைத்த புனித ஆறாம் பவுல், மோரோவின் நெடுநாளைய நண்பர். அவரை நிபந்தனையின்றி விடுவிக்குமாறு, கடத்தியவர்களுக்குத் தம் கைப்பட மடல் எழுதி முழந்தாளிட்டு மன்றாடினார். பயனில்லை. அரசு மரியாதையை மறுத்த குடும்பத்தார் மே 10-ஆம் நாள் தொரீத்தா திபெரீனா என்னும் சிற்றூரில் மோரோவை அமைதியாக அடக்கம் செய்தனர். 13-ஆம் நாள் இலாத்தரன் பேராலயத்தில் நாட்டின் தலைவர்களெல்லாம் கூடிய நினைவுத் திருப்பலியில் அவருடைய உடல் இல்லை. முதிய திருத்தந்தை அங்கு வந்து, நல்லவரும் சாந்தமுள்ளவருமான நண்பருக்காகத் தாம் செய்த வேண்டுதலை இறைவன் கேட்கவில்லை என்று அவரிடமே முறையிட்டுச் செபித்தார்.

மூன்று மாதங்களுக்குள், ஆகஸ்டு 6-ஆம் நாள் அவரும் இறந்தார். தம்மை மண்ணில் புதைக்க வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். அடக்கத் திருப்பலியின்போது அவருடைய எளிய மரப்பெட்டி புனித பேதுரு சதுக்கத்தின் தரையில் வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் விரித்து வைத்த நற்செய்தி நூல் ஒன்று இருந்தது.