தூரிகை யார் கையில்

பெர்த் மொரிசோ என்ற பெண்ணைப் பிரெஞ்சு ஓவியர் எதுவார் மனே பத்துத் தடவைக்கு மேல் வரைந்திருக்கிறார். விசிறியோடு வரைந்தார், ஊதாப்பூவோடு வரைந்தார். தூரிகையோடு ஒரு தடவைகூட வரையவில்லை. அந்தப் பெண்ணோ 1874-இல் பாரிஸில் நடந்த முதலாவது இம்ப்ரெஷனிச ஓவியக் காட்சியில் தன் படங்களை வைத்தவர். மனே இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1885-இல், 44 வயதில் மொரிசோ தன்னைத் தானே வரைந்தார். உயர்த்திக் கட்டிய கொண்டை, கழுத்தில் கறுப்புத் துணி, நம்மை நேரே பார்க்கும் கண்கள், ஓரத்தில் வண்ணத்தட்டு. பத்து வருஷத்தில் அவர் இறந்தபோது இறப்புச் சான்றிதழில் தொழில் இல்லாதவர் என்று பதிந்தார்கள். விடியற்காலையிலிருந்து மீன் வெட்டி, உப்பிட்டு, கருவாடு போடுகிற பெண்ணைப் படிவத்தில் 'வீட்டுப் பணி' என்று எழுதப் பழகிய நமக்கு அந்த அநியாயத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

நமக்குக் கிட்டியவர் அம்ரிதா ஷேர் கில். 1913-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். தகப்பன் சீக்கியர், தாய் ஹங்கேரியர். பாரிஸில் ஓவியம் படித்தார். இம்ப்ரெஷனிஸ்டுகளுக்குப் பின்வந்த செஸானின், கோகனின் படங்களிலிருந்து கற்றுக்கொண்ட தலைமுறை. 1934-இல், 21 வயதில், தாஹித்திப் பெண்ணாகத் தன்னை வரைந்தார்.

கோகன் 1891-இல் தாஹித்தித் தீவுக்குப் போய், அங்கிருந்த இளம்பெண்களை மேலாடையில்லாமல் வரைந்து ஐரோப்பாவுக்குக் காட்டியவர். அந்தப் பெண்கள் நின்ற அதே இடத்தில் அம்ரிதா தன் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். மார்பு திறந்திருக்கிறது. இடுப்பில் வெள்ளைத் துணி. கைகள் முன்னால் சேர்ந்திருக்கின்றன. கூந்தல் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. பின்னால் ஓர் ஆணின் நிழல், அவரைவிடப் பெரிதாக. முகத்தில் சிரிப்பில்லை, அழைப்பும் இல்லை. கண்கள் நம்மை விட்டுவிட்டுச் சட்டத்துக்கு வெளியே எதையோ பார்க்கின்றன. பார்க்கப்படுவது எப்படியிருக்கும் என்று தெரிந்த ஒருத்தி அதைத் தன் கையாலேயே வரைந்து வைத்திருக்கிறாள். அந்த நிழலையும் அவளேதான் வரைந்தாள். எனக்கு இந்தப் படத்தில் மிகப் பெரிய விஷயம் அதுதான்.

இலங்கைப் பெண்ணுக்குத் தன்னைத் தானே வரையும் வாய்ப்பு நெடுங்காலம் கிடைக்கவில்லை. பேர்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875-இல் இலங்கைக்கு வந்து களுத்துறையில் குடியிருந்தார். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த கவிஞர் டெனிசனுக்கும் விஞ்ஞானி டார்வினுக்கும் பெயர் உண்டு. இங்கே எடுத்த படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெயரில்லாத கிராமத்தார். எடுத்தவரும் ஒரு பெண்தான் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்றைக்குக் கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்க வருகிறவர்களின் கைபேசிகளிலும் இந்தக் கரையோரத்துப் பெண்கள் அப்படித்தான் பதிந்து போகிறார்கள். வெயிலுக்குத் தலையில் துணி, விரலிடுக்கில் உப்பு, குனிந்த முதுகு. படம் அழகாகத்தான் வரும். பெயரை யார் கேட்கிறார்கள்?

அம்ரிதாவும் இந்தக் கேள்விக்கு முழுதாகத் தப்பவில்லை. 1937-இல் கன்னியாகுமரியில், மன்னார் வளைகுடாவின் அந்தப் பக்கத்தில், பழம் விற்கிற பெண்களைக் கண்டு வரைந்தார். கறுத்த மேனியை அவ்வளவு மதிப்போடு வரைந்தவர்கள் குறைவு. ஆனாலும் படத்தின் தலைப்பு 'பழம் விற்பவர்கள்', அவ்வளவுதான். 1941 டிசம்பரில், 28 வயதில், லாகூரில் அவர் இறந்துபோனார். தனக்குச் செய்துகொண்ட நியாயத்தை அந்தப் பெண்களுக்கும் செய்ய அவருக்குக் காலம் போதவில்லை என்றே நினைக்க விரும்புகிறேன்.

இந்தக் கரையிலுள்ள எங்கள் கரைத்தீவிலும் பிள்ளைகள் சித்திரப் பாடம் படிக்கிறார்கள். வீட்டையும் தென்னையையும் தோணியையும் வரையச் சொல்லிக் கொடுக்கிறோம். கண்ணாடியைப் பார்த்து உன் முகத்தை வரை, கீழே உன் பெயரை எழுது என்று பெண்பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். அடுத்த தவணையிலேயே சொல்லலாம்.