குப்பன் மகன்

என் பெயருக்கு முன்னால் ‘கு’ என்று ஓரெழுத்து உண்டு. நம்மிடம் தலைப்பெழுத்து என்றால் அப்பா பெயர். ஒரு எழுத்து, ஒரு புள்ளி, அதற்குள்ளே அப்பாவை ஒளித்துவிடலாம். எம்.ஏ. தமிழ் படிக்க விடுதியில் சேர்ந்த முதல் நாள் அறைத்தோழன், “கு-ன்னா என்ன?” என்று கேட்டான். “குமாரசாமி” என்றேன். யோசிக்கவே இல்லை. அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

என் அப்பா பெயர் குப்பன்.

ஆறு மாதம் கழித்து அப்பா ஒரு பை நிறைய வேர்க்கடலையோடு என்னைப் பார்க்க வந்தார். நான் வகுப்பில் இருந்தேன். அறைத்தோழன் வாசலுக்குப் போய், “குமாரசாமி அய்யாவா? வாங்க, உக்காருங்க” என்றிருக்கிறான். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “ஆமாந் தம்பி” என்றாராம். ஊர்த்தெருப் பொடியன்கள்கூட ‘ஏய் குப்பா’ என்று கூப்பிட்டுப் பழகிய காது அது. முதல் தடவையாக ஒருத்தன் அய்யா என்கிறான்; அதுவும் வேறு ஒருத்தன் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பஸ் ஏற்றிவிடப் போனபோது, “பேரு நல்லாத்தான் வச்சிருக்கே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தப் பொய் என்னுடையது மட்டுந்தானா?

பெயர் வைப்பதற்கு மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயத்தில் விதி இருக்கிறது. பார்ப்பானுக்கு மங்கலமான பெயர், சத்திரியனுக்கு வலிமை, வைசியனுக்குச் செல்வம், சூத்திரனுக்கு இழிவு. வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்ட நமக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. இழிவான பெயரே எங்களுக்கு மேலே உள்ளவனுக்கென்றால் எங்களுக்கு என்ன? ‘ஏய்’, ‘டேய்’, அவ்வளவுதான்.

ஆனால் அப்பாவுக்குப் பெயர் வைத்தது மனு அல்ல, எங்க ஆயா. “மூணு புள்ள பொறந்து பொறந்து செத்துச்சு. நாலாவதக் குப்பமேட்டுல போட்டு, மொறத்துல வாரி எடுத்தேன். எமன் வந்தாலும் இது குப்பைன்னு உட்டுட்டுப் போயிடுவான்” என்று சொல்லுவாள். தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்குவதும் இதே தந்திரம்தான். சீனக் கிராமங்களில் ‘நாய் தின்று மிச்சம் வைத்தது’ என்று பொருள்படும் கௌஷெங் என்ற பெயர் உண்டு. பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்த வீட்டில் நைஜீரியாவின் யோருபா மக்கள் ‘கோக்குமோ’ என்பார்கள். இனிச் சாகாது என்று அர்த்தம். சாவை ஏமாற்றத் தாய்மார்கள் எங்கேயும் செய்த வேலை இது. இதில் இழிவு எங்கே வந்தது?

இந்த வழக்கம் அக்கிரகாரத்திலும் உண்டு. மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்தவர் குப்புசாமி சாஸ்திரி. மயிலாப்பூரில் அவர் பெயரில் ஆராய்ச்சி நிறுவனமே நடக்கிறது. அந்தக் ‘குப்பு’வைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. சாமியும் சாஸ்திரியும் வந்து ஒட்டிக்கொண்டால் குப்பையும் மணக்கிறது.

“நீயும் குப்புசாமின்னு வச்சிருக்கலாமே ஆயா?” என்று ஒருநாள் கேட்டேன். “போடா பைத்தியம். சாமின்னு வச்சா ஊர்க்காரன் நம்மளச் சாமின்னு கூப்புடணுமில்ல? உடுவானா?” என்றாள். பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் சொல்லித்தராத பெயரியல் பாடம் அது. இழிவு வேர்ச்சொல்லில் இல்லை, வெட்டப்பட்ட விகுதியில் இருக்கிறது.

அப்படியென்றால் பெயரை மாற்றக்கூடாதா என்று தோழர்கள் கேட்கலாம். மாற்றலாம், மாற்றியும் இருக்கிறோம். காத்தவராயனாகப் பிறந்த பண்டிதர் தம் ஆசிரியர் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று வழங்கவேண்டுமென 1922-இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா தீர்மானம் கொண்டுவந்தார். 1838-இல் தப்பியோடிய அடிமை பிரெடெரிக் பெய்லி, பிரெடெரிக் டக்ளஸ் ஆனார். மால்கம் லிட்டில், எசமானன் கொடுத்த ‘லிட்டிலை’ வெட்டிவிட்டு எக்ஸ் என்று போட்டுக்கொண்டார். பறிகொடுத்த ஆப்பிரிக்கப் பெயருக்கான அடையாளம் அது.

இவர்கள் மாற்றியதும் நான் மாற்றியதும் ஒன்றல்ல. மால்கம் விட்டது எசமானன் கொடுத்ததை. நான் விட்டது ஒரு தாய் கொடுத்ததை, அதுவும் சாதி இந்துவின் காதுக்குப் பயந்து. தானே தேர்ந்து ஒரு பெயரைச் சூடிக்கொள்வது விடுதலை. வெட்கப்பட்டு ஒன்றை ஒளிப்பது, மனு எழுதியதற்கு நாமே கையெழுத்துப் போடுவது. பெயரை மாற்றும்போது, இதைக் கொடுத்தது யார், நான் பயப்படுவது யாருக்கு என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டாக வேண்டும்.

அப்பா இப்போது இல்லை. அவர் இருக்கும்போது மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் மகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறேன். எமனை ஏமாற்றும் அவசியம் எங்களுக்கு இல்லை, தடுப்பூசி இருக்கிறது. ஆனால் கூட்டங்களில் யாராவது “கு-ன்னா என்ன தோழர்?” என்று கேட்டால், “குப்பன்” என்று சத்தமாகச் சொல்கிறேன். சிலர் வந்த சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள், நம் தோழர்கள் உட்பட.

அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். குப்பன் அய்யா என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாக்கு இடறினால், கோளாறு என் அப்பா பெயரில் இல்லை.