ஊசியும் ஓய்வும்

சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ப் பெயருக்கு நாற்சந்தி என்பது பொருள். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையின் தென்பாகத்தில் அமைந்த இச்சிற்றூரைச் சூழ்ந்து ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. இன்று அவ்விடங்களிற் பலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. பக்கத்துப் பத்து காவானில் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. 2014-ஆம் ஆண்டில் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டபின், தீவுக்குச் செல்லும் மற்றொரு வாயிலாகவும் அவ்வட்டாரம் ஆகிவிட்டது. ஆயினும் ஊரின் இரயில் நிலையம் தன் அமைதியை முற்றும் இழந்துவிடவில்லை. பள்ளி விடுமுறை நாள்களில் தெற்கு நோக்கிச் செல்லும் கொம்யூட்டர் இரயிலுக்காகக் குடும்பங்கள் அங்கே காத்திருக்கும்.

அப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். எழுபதைக் கடந்த பாட்டி, தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள், பள்ளி செல்லும் பேத்தி. மூவரும் இரண்டு நாள் தங்கிவரத் தைப்பிங்கிற்குப் புறப்படுகின்றனர். மகளின் தோளில் ஒரு துணிப்பை. அதனுள்ளே சட்டத்தில் பொருத்திய வெள்ளைத் துணி, நிறநிறமான பூத்தையல் நூல், ஊசிகள், முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோல். பூவில் பாதி தைக்கப்பட்டிருக்கிறது. வண்டி வரு முன்னரே அவள் துணியை வெளியே எடுத்துவிட்டாள்.

"இன்றைக்காவது அந்தக் கையைச் சும்மா வையேம்மா" என்கிறாள் பாட்டி.

"சும்மா இருக்கத்தானே அம்மா இதைக் கொண்டு வந்தேன்" என்கிறாள் மகள்.

இருவர் சொல்லிலும் 'சும்மா' என்பது ஒரே சொல்தான். ஆனால், ஒருத்திக்கு அது கை அசையாமல் இருப்பது. மற்றொருத்திக்கு மனம் எவருக்கும் கட்டுப்படாமல் இருப்பது. இவ்விரண்டினுள் எது ஓய்வு? விடுமுறைப் பயணத்தில் தையலை உடன் கொண்டு செல்பவள் ஓய்வை மறுக்கிறாளா, அன்றி ஓய்வைத் தேடிக்கொள்கிறாளா? சிறிய வினாப்போலத் தோன்றினும், உழைப்பைப் பற்றித் தமிழர் கொண்டுள்ள எண்ணம் முழுவதையும் இது தொட்டுவிடுகிறது.

உழைப்பைப் போற்றிய அளவுக்கு ஓய்வைப் பற்றித் தமிழ்ச் சான்றோர் விரிவாகப் பேசினர் என்று சொல்ல இயலாது. திருக்குறளில் மடியின்மைக்கு ஓர் அதிகாரம் உண்டு. அதனை அடுத்து ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. ஓய்வுக்கென்று தனி அதிகாரம் இல்லை. இதனாலோ என்னவோ, வகுப்பறையில் மடியும் ஓய்வும் ஒரு பொருட் சொற்கள் போலவே மாணவர்க்குக் கற்பிக்கப்பட்டு வந்துள்ளன. சும்மா அமர்ந்திருக்கும் மாணவனைக் கண்டால் ஆசிரியர்க்குப் பொறுப்பதில்லை. பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோ, ஓய்வு நேரத்தைக் குறித்த 'ஸ்கோலே' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. இதனைப் பாடவேளை அட்டவணை வகுப்போர் ஒருமுறை நினைத்துப் பார்த்தல் தகும்.

பாட்டியின் பக்கத்தை முதலில் கேட்பதே முறை. இரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டிய பெண்ணின் நாள் இருள் விலகு முன்னரே தொடங்கியது. வெயில் ஏறு முன் குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்கு ஓடும். ஆதலின் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, கத்தியும் வாளியுமாக நிரைக்குள் அவள் நுழைந்தாள். மரத்துக்கு மரம் பட்டையைச் சீவுவது, மங்கைத் துடைத்து வைப்பது, ஒட்டுப்பாலைப் பிரித்தெடுப்பது, பின்னர் அதே மரங்களைச் சுற்றிவந்து பால் எடுப்பது, சுமந்து சென்று நிறுவைக்கு நிற்பது என அவள் கை ஓயவில்லை. காயம் ஆழமாக விழுந்தால் மரம் கெடும்; மேலாக விழுந்தால் பால் குறையும். இரண்டுக்கும் கங்காணியின் வாயில் வசை தயாராக இருந்தது. அவள் கை நுட்பமான கைதான். தையற்காரியின் கைக்கு அது சிறிதும் குறைந்ததன்று. ஆனால், அந்த நுட்பம் அவளுக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

வீடு திரும்பிய பின்னும் அக்கைக்கு விடுதலை ஏது? அடுப்பு, துணி, பிள்ளை என்று வேலை வரிசையாகக் காத்திருந்தது. 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் வாரத்தில் ஒரு நாளை ஓய்வு நாளாக்கியது. சட்டம் தோட்டத்து வேலைக்குத்தான் ஓய்வு கொடுத்ததே தவிர, அடுப்படிக்குக் கொடுக்கவில்லை. அத்தகைய வாழ்வு வாழ்ந்தவள், விடுமுறை என்ற சொல்லுக்குக் கை மடியில் கிடத்தல் என்று பொருள் கொண்டால் அதில் வியப்பென்ன? மகளின் கையில் ஊசியைக் காணும்போது அவள் காண்பது பூவை அன்று. இன்னும் விடுபடாத ஒரு கையை.

பாட்டியின் கருத்துக்கு உலகில் துணை இல்லாமலும் இல்லை. யூதர்களின் ஓய்வு நாளில் விலக்கப்பட்ட வேலைகளைப் பழைய மிஷ்னா நூல் முப்பத்தொன்பது வகையாக எண்ணி வைத்திருக்கிறது. நூற்றல், நெய்தல் ஆகியவற்றோடு இரண்டு தையல் இடுதலும் அவ்வரிசையில் இடம்பெறுகிறது. ஒன்றன்று, இரண்டு! மீண்டும் தைப்பதற்காகத் தையலைக் கிழிப்பதுங்கூட விலக்கே. அவ்வளவு நுணுகிச் சட்டம் செய்தவர்கள் கையின் இயல்பை நன்கு அறிந்தவர்களாதல் வேண்டும். சிறிது இடம் கொடுத்தால் வேலை எவ்வளவு எளிதாக உள்ளே புகுந்துவிடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இனி மகளின் பக்கம். 1970-களில் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை எழுந்தபோது, பினாங்கின் இளம்பெண்கள் பலர் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குள் சென்றனர். இப்பொழுது பத்து காவானிலும் அத்தகைய வேலைகள் உள்ளன. அங்கே பெரட்டு இல்லை, முறைநேரம் உண்டு. கங்காணி இல்லை; எண்ணிக்கை உண்டு. ஒரே உறுப்பை ஒரே இடத்தில் ஒரே வகையில் பொருத்தும் கைக்கு, தான் செய்தது எங்கே சென்று எப்பொருளாக முடிகிறது என்பதே தெரிவதில்லை. அக்கை மாலையில் ஊசியைப் பிடிக்கிறது. இதழுக்குச் சிவப்பா, மஞ்சளா என்று தானே முடிவு செய்கிறது. பிடிக்கவில்லையெனில் பிரித்துவிடுகிறது. பிரிப்பதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. இத்துணி யாருக்கு என்று கேட்டாலும் அவளிடம் விடை இல்லை. தலையணை உறையாகலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம்.

நூல் என்ற சொல்லால் இழையையும் ஏட்டையும் சேர்த்தே குறித்த மொழி தமிழ். பனுவல் என்ற சொல்லும் அவ்வாறே இரு பொருள் தருவது. நன்னூற் பாயிரம், சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் வாயைக் கையாகவும் அறிவைக் கதிராகவும் உருவகம் செய்து, இலக்கண நூல் உருவாகும் முறையை விளக்குகிறது. தமிழாசிரியர் எல்லாரும் அதனைப் பாடம் சொல்லியிருப்பர். புலவனின் தொழிலுக்கு ஒப்புமை தேடியபோது பாயிரம் போய் நின்ற இடம் ஒரு பெண்ணின் கை. அவ்வாறிருக்க, பயணத்தில் புத்தகம் கொண்டு செல்பவரை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. நூற்கண்டு கொண்டு செல்பவளை மட்டும் இரயிலே திரும்பிப் பார்க்கிறது. நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொள்ளும் ஆடவரிடம் 'இன்றைக்காவது கண்ணைச் சும்மா வை' என்று சொன்னவர் உண்டா? விடுமுறைக்கு விடைத்தாள் கட்டோடு புறப்படும் ஆசிரியர்களைப் பற்றி இங்கே பேசாதிருத்தலே நன்று. அவர்கள் அதனைத் தம் கடமையுணர்ச்சிக்குச் சான்றாகவே காட்டுவர்.

எனினும், மகளின் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. பாகான் செராயைக் கடந்து தைப்பிங்கை நோக்கிச் செல்லும் வழியில் இரயில் புக்கிட் மேரா ஏரியின் குறுக்கே ஓடுகிறது. கிரியான் வட்டார நெல்வயல்களுக்கு நீர் பாய்ச்ச 1906-இல் அமைந்த ஏரி அது. இருபுறமும் நீர் விரிய, வண்டி தண்ணீரின்மேல் செல்வது போன்ற மயக்கம் சில நிமிடங்களுக்கு உண்டாகும். அந்நேரத்தில் பேத்தி "அம்மா, பாருங்கள்" என்று கத்தும்போது, "இந்த இதழை முடித்துவிட்டு" என்று விடை வருமாயின், பாட்டி வென்றுவிட்டாள் என்றே கொள்ள வேண்டும். இதழ் காத்திருக்கும்; ஏரி காத்திராது. பழகிய கைக்குக் கம்பளிப் பின்னல் கண்ணைக் கேட்பதில்லை. பின்னிக்கொண்டே வெளியே பார்க்கலாம், பேசலாம். பூத்தையல் அப்படியன்று. அது கண்ணை முழுவதும் வாங்கிக்கொள்ளும். எதைக் கொண்டு செல்வது என்பதில் இவ்வேறுபாட்டை எண்ணுதல் வேண்டும். கைப்பேசியில் குனிந்த தலைகளுக்கிடையே ஊசியின்மேல் மட்டும் குற்றம் சுமத்துவது நேர்மையாகாது என்பதும் உண்மையே. ஆனால், பிறர் செய்யும் பெரிய குற்றம் நம் சிறிய குற்றத்தைக் கழுவிவிடாது.

மற்றோர் இடரும் உண்டு. அண்டை வீட்டுத் திருமணத்திற்குள் ஆறு உறைகள் முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு அத்துணியைப் பையில் போட்டால், பயணம் புறப்பட்டது விடுமுறைக்கன்று. அப்போது ஊசியின் பின்னால் கங்காணி நிற்கிறான். அவன் முகம் அவளுடைய முகமாகவே இருப்பதால் அவளுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். காந்தியடிகள் 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டனில் தங்கியிருந்த நாள்களிலும் இராட்டையைக் கைவிடவில்லை. அது நோன்பு, நாட்டின் ஏழையரோடு தம்மைப் பிணைத்துக்கொள்ள அவர் ஏற்ற கட்டு. அதனை ஓய்வு என்று அவரே சொல்லியிருக்க மாட்டார். நோன்பு உயர்ந்ததாகலாம், ஆயினும், அந்த உயர்வைக் கடன்வாங்கித் தன் ஓயாமைக்குப் போர்த்திக்கொள்வது வேறு. துணியைக் கீழே வைக்க வேண்டிய நேரத்தில் மனம் பதறாமல் வைக்க முடிகிறதா என்பதே ஆராய வேண்டியது. முடியுமாயின் பையைத் தாராளமாகக் கொண்டு செல்லலாம். முடியாதாயின் வீட்டில் விட்டுச் சென்றாலும் அது உடன் வரும்.

தைப்பிங், தீபகற்பத்திலேயே மிகுந்த மழை பெய்யும் ஊர்களுள் ஒன்று. பழைய ஈயச் சுரங்க நிலத்தில் 1880-இல் உருவாகத் தொடங்கிய ஏரிப் பூங்காவில், தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைக் கடந்து தண்ணீர்வரை கிளைகளைத் தாழ்த்தியிருக்கும். அவற்றைக் காணச் செல்வோர் பாதி நேரம் கூரைக்குக் கீழேதான் நிற்பர். மழை தொடங்கியதும் தங்கும் விடுதியின் சன்னலோரத்தில் மகள் துணியை எடுக்கிறாள். இம்முறை பாட்டி ஒன்றும் சொல்வதில்லை. மழை அவளுக்கு வேறு கணக்கை நினைவூட்டுகிறது. மழைநீர் பட்டையில் வழிந்தால் வெட்டுக்கோட்டில் பால் நிற்காது; வெட்டு இல்லையெனில் அன்றைய கூலியும் இல்லை. அவள் வாழ்வில் கை சும்மா இருந்த நாள்கள் பெரும்பாலும் மழை நாள்களே. அந்நாள்களில் அவள் ஓய்ந்திருக்கவில்லை. அரிசிப் பானையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த கையும் அன்று அவளுடையதாக இருக்கவில்லை. இதை அவள் மகளிடம் என்றும் சொன்னதில்லை, மகளும் கேட்டதில்லை.

மறுநாள் விடிகாலை நான்கு மணிக்கு, பழக்கத்தின்படி, பாட்டி விழித்துக்கொள்வாள். பெரட்டுக்கு அழைப்பார் இல்லை. மகளும் பேத்தியும் உறங்கிக்கொண்டிருப்பர். மேசையின்மேல் துணிப்பை இருக்கும். விளக்கைப் போட்டு, சட்டத்தை வெளியே எடுத்து, பூவின் முன்புறத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திருப்பிப் பின்புறத்து முடிச்சுகளை விரலால் தடவுவாள். ஒரு முடிச்சுத் தளர்ந்திருக்கும். ஊசியில் நூல் கோக்கக் கண் உதவாது. பேத்தியை எழுப்பலாமா என்று எண்ணி, எழுப்பாமல், துணியை மடியில் வைத்துக்கொண்டு மழை விட்டதா என்று சன்னல் பக்கம் காது கொடுப்பாள்.